நெருக்கமான ஆட்டத்தில் யாரை இறக்குவது: ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பேஸ்பால் விளையாட்டு, ஒரு மதிப்புரை

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்பது பகடையும் அட்டைகளும் கொண்டு மேசையில் ஆடப்படும் பேஸ்பால் விளையாட்டு. நியூயார்க்கைச் சேர்ந்த ஹால் ரிச்மன் சிறுவயதிலேயே இதற்கான கணக்குகளைப் போட்டுப் பார்த்து, 1961 முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றுவரை ஒவ்வொரு சீசன் முடிந்த பிறகும், அந்த சீசனில் ஆடியவர்களின் புள்ளிவிவரங்களை அடிப்படையாகக் கொண்டு புதிய அட்டைத் தொகுப்பு வருகிறது. இதைப் பற்றிப் பொதுவான மதிப்புரைகள் நிறையவே உண்டு. நான் இதை வாங்கியது ஒரே ஒரு கேள்விக்காக என்பதால் அந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன்: ஒரு ரன் வித்தியாசத்திலோ சமநிலையிலோ ஆட்டம் நிற்கும்போது மேனேஜர் தன் ரிலீவர்களில் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பிட்சர்கள், அதாவது பந்தெறிபவர்கள்) யாரை, எப்போது இறக்க வேண்டும் என்பதை இந்த விளையாட்டு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கடுமை முதலில் பிடிபடாது. பும்ராவுக்குப் பதினாறாவது ஓவரைக் கொடுத்துவிட்டுப் பின் பத்தொன்பதாவது ஓவருக்கு மறுபடியும் அழைக்கலாம். பேஸ்பாலில் மாற்றப்பட்ட பிட்சர் அந்த ஆட்டத்துக்குத் திரும்பி வர முடியாது. எனவே ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் சிறந்தவரை இறக்கினால் ஒன்பதாவதில் அவர் இருக்க மாட்டார். ஒன்பதாவதுக்கென்று வைத்திருந்தால் ஏழாவதிலேயே ஆட்டம் கையைவிட்டுப் போய்விடலாம். ஒவ்வொரு மாற்றமும் பெட்டியிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்துக் கிழிப்பதைப் போன்றது.

ஆடும் முறை எளிது. ஒரு பகடை தனி நிறம். மற்ற இரண்டும் கூட்டிப் பார்ப்பதற்கு. தனிப் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் மட்டையாளரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4 முதல் 6 வரை விழுந்தால் பிட்சரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை அந்த அட்டையில் எந்த வரி என்று சொல்லும். சில வரிகளில் முடிவு இரண்டாகப் பிரிந்திருக்கும். அதற்கு இருபது முகம் கொண்ட பகடை ஒன்று தனியே உண்டு. விரிவான ஆட்டத்துக்கான பக்கத்தில், இடக்கையருக்கு எதிராக என்ன நடக்கும், வலக்கையருக்கு எதிராக என்ன நடக்கும் என்பது தனித்தனிப் பத்திகளாக அச்சாகியிருக்கிறது. பிட்சரின் அட்டையில் அவர் எத்தனை இன்னிங்ஸ் தாங்குவார் என்பதற்கு ஓர் எண்ணும், சில வரிகளின் ஓரத்தில் சிறு கரும்புள்ளிகளும் இருக்கும். அவர் சோர்ந்துவிட்டதாக விதி சொன்னால், புள்ளியிட்ட வரிகள் எல்லாம் சிங்கிள்களாக, அதாவது மட்டையாளர் அடித்து முதல் பேஸை எட்டும் ஹிட்களாக, மாறிவிடும். சற்று முன்வரை அவுட்டாக இருந்த அதே வரி இப்போது எதிரணிக்கு ஒரு ஹிட். களைப்பை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய வேறொரு மேசை விளையாட்டை நான் பார்த்ததில்லை.

நான் பால்டிமோர் அருகே குடியிருப்பவன். ஆகவே முதலில் வாங்கியது 2016 சீசன் தொகுப்பு. காரணத்தை அந்த ஊர்க்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு எங்கள் ஓரியோல்ஸ் அணியின் குளோசர் (கடைசியில் வந்து முன்னிலையைக் காக்கும் ரிலீவர்) ஸாக் பிரிட்டன் 67 இன்னிங்ஸில் நான்கே ஏர்ன்டு ரன்களை (தடுப்பாளர் பிழையால் வராமல் பிட்சரின் கணக்கில் சேரும் ரன்கள்) கொடுத்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு இத்தனை ஏர்ன்டு ரன் என்று கணக்கிடும் அவருடைய சராசரி 0.54, சேவ் (சிறிய முன்னிலையைக் கடைசிவரை காத்து முடிப்பது) வாய்ப்பு கிடைத்த 47 முறையும் காப்பாற்றினார். அக்டோபர் 4 அன்று டொராண்டோவில் நடந்த வைல்டு கார்டு ஆட்டம், தோற்றால் சீசனே முடிந்துவிடும் ஆட்டம், 2-2 என்று பதினோராவது இன்னிங்ஸ் வரை நீண்டது. மேனேஜர் பக் ஷோவால்டர் ஒருவர் பின் ஒருவராக ரிலீவர்களை இறக்கினார். பிரிட்டன் மட்டும் ரிலீவர்கள் தயாராகும் இடமான புல்பென்னிலேயே இருந்தார். வெளியூர் அணி ஒவ்வொரு இன்னிங்ஸிலும் முதலில் மட்டை பிடிக்கும் என்பதால், முன்னிலை கிடைத்த பிறகு அதைக் காக்க அவர் தேவைப்படுவார் என்பது கணக்கு. அந்த முன்னிலை வரவே இல்லை. ஒருவர் அவுட்டான பிறகு உபால்டோ ஹிமெனெஸ் வந்தார், இரண்டு சிங்கிள்கள், பிறகு டொராண்டோவின் எட்வின் என்கார்னாசியோன் முதல் பந்திலேயே மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 5-2. அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையில் அந்தப் பதினோராவது இன்னிங்ஸை நானும் என் மைத்துனரும் பலமுறை ஆடிப் பார்த்திருக்கிறோம். முதல் முறை நான் ஷோவால்டரைப் போலவே தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் அட்டை உறையின் மேல் தனியே கிடந்தது. எதிரே இருந்தவர் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே, "அத்தான், இன்னும் அவரை வெளியே எடுக்காம யாருக்காகச் சேர்த்து வெக்கிறீங்க?" என்று கேட்டார். பதிலாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அவரை எடுத்துவிட்டால் அடுத்த இன்னிங்ஸில் முன்னிலை பெறும்போது யார் இருக்கிறார்கள் என்ற பயம், வெறும் அட்டை விளையாட்டில்கூட, நிஜமாகவே வயிற்றைப் பிசைந்தது. தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து மேனேஜரைத் திட்டும்போது இந்தப் பயம் நமக்கு இருப்பதில்லை. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்குக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண் இதற்குத்தான்.

அடுத்த முறை பிரிட்டனை இறக்கினேன். தனிப் பகடையில் 2 விழுந்தது. அதாவது பார்க்க வேண்டியது என்கார்னாசியோனின் அட்டையை. அதில் வந்த முடிவு ஹோம் ரன். எறிபவர் பிரிட்டனா ஹிமெனெஸா என்பதைப் பகடை கேட்கவே இல்லை, இடக்கை பிட்சருக்கான பத்தியில் பார்த்தோம் என்ற ஒன்றைத் தவிர. ஒரு வீச்சில் பாதி வாய்ப்பு மட்டையாளரிடமும் பாதி வாய்ப்பு பிட்சரிடமும் இருக்கும்படி அமைந்த விளையாட்டு இது. எனவே எவ்வளவு சிறந்த ரிலீவரை இறக்கினாலும் நம் முடிவு ஆளுவது அந்த இரண்டாவது பாதியை மட்டுமே. சரியான முடிவு எடுத்தும் தோற்கலாம், தவறான முடிவு எடுத்தும் வெல்லலாம் என்பதை வாயால் சொல்வது எளிது. பத்துப் பன்னிரண்டு முறை ஒரே இன்னிங்ஸை ஆடி, ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான், மேனேஜரை ஒரே இரவின் முடிவைக்கொண்டு எடைபோடுவது எவ்வளவு அநியாயம் என்று உறைக்கிறது. ஆனாலும் பிரிட்டனை இறக்காமல் தோற்றது தவறுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இனி என் முக்கியமான ஆட்சேபம். விரிவான விதிகளில் குளோசர்களுக்கு ஒரு மதிப்பெண் உண்டு. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், முன்னிலையைக் காக்க வேண்டிய நிலையில், மதிப்பெண் குறைந்த ரிலீவரை இறக்கினால் அவர் விரைவிலேயே சோர்ந்தவராகக் கணக்கிடப்படுவார். நோக்கம் புரிகிறது: நல்ல சராசரி உள்ள எவரையும் ஒன்பதாவது இன்னிங்ஸில் நிறுத்திவிட முடியாதபடி செய்வது. ஆனால் அந்த மதிப்பெண் எதை அளக்கிறது? திறமையையா, மேனேஜர்களின் பழக்கத்தையா? சேவ் என்ற புள்ளிவிவரம் 1969இல்தான் அதிகாரபூர்வமானது. அதற்குப் பின்னரும் ரோலி ஃபிங்கர்ஸ், கூஸ் காஸேஜ் போன்றவர்கள் ஏழாவதிலோ எட்டாவதிலோ வந்து இரண்டு, மூன்று இன்னிங்ஸ் வீசினார்கள். 1974இல் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் ரிலீவராக வந்து 208 இன்னிங்ஸ் வீசினார். இன்றைய ஆரம்பப் பிட்சர்களில் பலர் ஒரு சீசனில் அதை எட்டுவதில்லை. எண்பதுகளின் கடைசியில் ஓக்லண்டில் டோனி லா ருஸா, டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டு வெற்றி கண்ட பிறகுதான், ஒரு இன்னிங்ஸ் குளோசர் என்பது எல்லா அணிகளும் பின்பற்றும் முறையாயிற்று. சேவ் விதி எங்கே பரிசு தருகிறதோ அங்கே சிறந்தவரை நிறுத்தினார்கள். ஆட்டம் எங்கே தீர்மானமாகிறதோ அங்கே அல்ல. அந்தப் பழக்கத்தை விளையாட்டு ஓர் இயற்கை விதிபோல அட்டையில் அச்சிட்டுவிடுகிறது. விருப்ப விதி என்பதால் நாங்கள் அதை ஒதுக்கிவிட்டு ஆடுகிறோம். வாங்குபவர்களுக்கும் அதையே சொல்வேன்.

ஒதுக்கிவிட்டால், அதே 2016 தொகுப்பில் இன்னொரு மேனேஜராகவும் இருந்து பார்க்கலாம். கிளீவ்லண்டின் டெர்ரி ஃபிராங்கோனா அந்த அக்டோபரில் தன் சிறந்த ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரை ஒன்பதாவதுக்குக் காத்திருக்க வைக்கவில்லை. பாஸ்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். அடுத்த தொடரின் சிறந்த வீரர் விருது மில்லருக்கே கிடைத்தது. மேசையில் இதைச் செய்து பார்க்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது: எதிரணியின் மூன்று பெரிய மட்டையாளர்கள் வரிசையாக வரும் இடத்தைத் தேடிப்பிடித்து அவரை இறக்குகிறோம், அவர்கள் மூவரும் போகிறார்கள், ஆட்டம் மூச்சுவிடுகிறது. ஆனால் சீசனின் இறுதித் தொடரான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அதே மில்லரை சிகாகோ கப்ஸ் அடித்தது. எதிர்ப்பக்கத்தில் ஜோ மேடன், ஆறாவது ஆட்டத்தில் பெரிய முன்னிலை இருந்தபோதும் அரோல்டிஸ் சாப்மனை வீச வைத்தவர், மறுநாள் எட்டாவது இன்னிங்ஸில் அவர் ராஜாய் டேவிஸிடம் சமன் செய்யும் ஹோம் ரன்னைக் கொடுப்பதைப் பார்க்க நேர்ந்தது. ஒற்றை ஆட்டமாக ஆடினால் நேற்றைய களைப்பு மேசைக்கு வருவதில்லை. தொடராக ஆடுபவர்கள் யார் எத்தனை நாள் வீசினார்கள் என்பதைத் தாங்களே குறித்து வைத்துக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். மைத்துனருடன் ஆடும்போது இது உறவுக்கு நல்லதல்ல.

இதனோடு சேர்ந்த இன்னொரு குறை, அட்டை சீசனின் சராசரியை மட்டுமே அறியும் என்பது. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டாம்பா பேயின் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளில் இரண்டே ஹிட் கொடுத்து, ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தபோது, மேனேஜர் கெவின் கேஷ் அவரை எடுத்துவிட்டு நிக் ஆண்டர்சனை இறக்கினார். சீசனில் ஆண்டர்சனின் சராசரி 0.55. அட்டையைப் பார்த்து ஆடுபவர் யாரும் அதைத் தவறென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த அக்டோபரில் அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் ஆண்டர்சன் ரன் கொடுத்திருந்தார். அன்றும் முன்னிலை பறிபோனது, எதிரணியான டாட்ஜர்ஸ் 3-1 என்று வென்று பட்டத்தையும் எடுத்துச் சென்றது. அந்த ஆறு ஆட்டங்களின் தளர்ச்சி எந்த அட்டையிலும் இல்லை. மேனேஜருக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் அதுதான்.

2020இல் வந்த விதிமாற்றத்தையும் வாங்குபவர்கள் மனதில் கொள்ள வேண்டும். அந்த ஆண்டு முதல், இறங்கும் பிட்சர் குறைந்தது மூன்று மட்டையாளர்களுக்காவது வீச வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஒரே ஓர் இடக்கை மட்டையாளருக்காக ஓர் இடக்கை ரிலீவரை இறக்கிவிட்டு உடனே எடுத்துவிடும் வழக்கம் அத்தோடு போயிற்று. இடக்கை, வலக்கை என்று பத்திகளைப் பிரித்து வைத்திருக்கும் இந்த விளையாட்டின் ருசி முழுதும் தெரிவது அந்தப் பழைய சீசன்களில்தான் என்பதால், இரண்டாவது தொகுப்பாக நான் 2011ஐத் தேர்ந்தெடுத்தேன். அந்த ஆண்டு செயின்ட் லூயிஸ் மேனேஜராக இருந்த லா ருஸா, மில்வாக்கிக்கு எதிரான தொடரில் தன் ஆரம்பப் பிட்சர்களைவிட ரிலீவர்களையே அதிக இன்னிங்ஸ் வீச வைத்தவர்.

அதே லா ருஸாவுக்கு அந்த உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் நடந்தது, இந்த விளையாட்டில் இல்லாத ஒன்றை நினைவுபடுத்துகிறது. ஆர்லிங்டன் மைதானத்தின் இரைச்சலில் புல்பென்னுக்குத் தொலைபேசியில் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. அவர் கேட்ட ஜேசன் மோட் தயாராகவில்லை. எதிரணியின் வலக்கை மட்டையாளர் மைக் நாப்போலிக்கு இடக்கையர் மார்க் ஜெப்சின்ஸ்கியே வீச நேர்ந்தது. எட்டாவது இன்னிங்ஸில் நாப்போலி அடித்தது இரண்டு ரன் டபுள் (இரண்டாவது பேஸை எட்டும் ஹிட்). பிறகு மோட்டைக் கேட்டபோது லான்ஸ் லின் வந்து நின்றார். உண்மையான புல்பென்னில் ரிலீவர் தோளைச் சூடாக்கிக்கொள்ள நேரம் வேண்டும். சூடாக்கியும் இறக்காவிட்டால் அந்தப் பந்துகள் வீண். நாங்கள் ஆடும் முறையில் அட்டையைத் தூக்கி வைத்தால் போதும், ஆள் தயார். மேனேஜரின் வேலையில் பாதி, இப்போது தேவைப்படுபவரை இரண்டு மட்டையாளர்களுக்கு முன்பே ஊகிப்பது என்பதால், இது சிறிய குறை அல்ல.

மற்றவை சுருக்கமாக: விதிப்புத்தகம் அடர்த்தியானது, முதல் வாரம் எளிய ஆட்டத்தோடு நிற்பது நல்லது, பழகிய இருவருக்கு ஓர் ஆட்டம் முடிய முக்கால் மணி நேரத்துக்குள் ஆகும், கணினி வடிவமும் உண்டு, ஆனால் பகடை இல்லாத இந்த விளையாட்டு எனக்குக் கணக்குப் பதிவேடாகவே தோன்றுகிறது. பேஸ்பாலே தெரியாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்டம் பார்க்கும்போது எட்டாவது இன்னிங்ஸில் இருக்கையின் நுனிக்கு வந்துவிடுபவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன்.

சூடாக்கும் நேரம் இல்லாத குறையைப் போக்க நாங்களே ஒரு வீட்டு விதி போட்டிருக்கிறோம். ரிலீவரை இறக்க நினைப்பவர் இரண்டு மட்டையாளர்களுக்கு முன்பே அவருடைய அட்டையைக் கவிழ்த்து மேசையின் ஓரத்தில் வைத்துவிட வேண்டும். வைத்தவரைத்தான் இறக்கலாம், வேறொருவரை அல்ல. போன வாரம் எட்டாவது இன்னிங்ஸில், பேஸ்கள் நிறைந்திருந்தபோது, என் மைத்துனர் தயாராக வைத்திருந்த அட்டையை வெற்றிக் களிப்போடு திருப்பினார். அவசரத்தில் அவர் கவிழ்த்து வைத்திருந்தது வேறு ஆள்.