காலி அலமாரியா, நெரிசலான சந்தையா: கேம் எங்கே நன்றாக விற்கிறது?

2017 மார்ச்சில் நின்டெண்டோவின் கேம் கன்சோலான ஸ்விட்ச் வெளிவந்தபோது, அதற்கென்று பெரிய கேம் ஒன்றுதான் இருந்தது: ஸெல்டா என்ற சாகச வரிசையில் புதியது. அந்த மாதம் அமெரிக்காவில் சுமார் 9,06,000 ஸ்விட்ச்கள் விற்றன. ஸ்விட்சுக்கான ஸெல்டாவோ சுமார் 9,25,000 பிரதிகள்! கன்சோலையே மிஞ்சிவிட்டது. பத்திரப்படுத்த ஒன்று, விளையாட ஒன்று என்று சிலர் இரண்டு வாங்கியிருக்கலாம் என்றது நின்டெண்டோ. கேம் அருமையானது, சந்தேகமில்லை. ஆனால் பக்கத்தில் வேறு பெரிய கேம் இல்லாததும் அதற்குக் கைகொடுத்தது.

நெரிசலில் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டைட்டன்ஃபால் 2 சாட்சி. 2016 அக்டோபர் 28 அன்று வந்தது. ஒரு வாரம் முன்னால் பேட்டில்ஃபீல்ட் 1, ஒரு வாரம் பின்னால் புதிய கால் ஆஃப் டூட்டி. மூன்றுமே துப்பாக்கிச் சண்டை கேம்கள்; முதல் இரண்டையும் வெளியிட்டது ஒரே ஈஏ நிறுவனம்தான். விமர்சகர்கள் மனதாரப் பாராட்டிய டைட்டன்ஃபால் 2, எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. எனக்கு இன்றும் அது ஆறாத வருத்தம்.

அப்படியென்றால் காலி அலமாரிதான் நல்லதா? அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்விட்சுக்கு முன் வந்த நின்டெண்டோவின் வீ யூ கன்சோலுக்குக் கேம்கள் குறைவு; அது மொத்தம் விற்றதே சுமார் 1 கோடியே 35 லட்சம். அதற்கான பந்தய கேம் மரியோ கார்ட் 8 சுமார் 84 லட்சம் போனது, அதாவது பத்து கன்சோலுக்கு ஆறு. அதே கேம் டீலக்ஸ் பதிப்பாக ஸ்விட்சுக்கு வந்தபோது, கேம்கள் குவிந்து கிடந்த அந்தக் கன்சோலில், வாங்கியவர் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் எண்ணிக்கை? 6 கோடியைத் தாண்டிவிட்டது. தேர்வு குறைவாக இருந்தால் ஒரு கேமின் பங்கு பெருகும். ஆனால் தேர்வு இல்லாத கன்சோலை வாங்க ஆள் வருவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் தானாக அமைந்த வெறுமை. கையெழுத்துப் போட்டு உண்டாக்கும் வெறுமை வேறு ரகம். 2004 கோடையில் ஈஎஸ்பிஎன் என்எஃப்எல் 2கே5 என்ற அமெரிக்கக் கால்பந்து கேம் 19.99 டாலருக்கு வந்தது. போட்டியாளரான ஈஏவின் மேடன் அப்போது ஏறக்குறைய 50 டாலர். சில மாதங்களில் மேடனும் 30 டாலருக்கு இறங்கியது. விளையாடுபவர்களுக்குப் போட்டி நேரடியாகத் தந்த லாபம் இது. அந்த டிசம்பரிலேயே ஈஏ, என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் அணிகளின் பெயரையும் வீரர்களின் பெயரையும் பயன்படுத்தும் உரிமையைத் தனக்கு மட்டும் என்று வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு மேடன் பழைய விலைக்கே திரும்பியது. விற்பனையும் குறையவில்லை; எப்படிக் குறையும், வேறு எங்கே போவார்கள்?

ஸெல்டாவுக்குக் கிடைத்த தனிமையை நான் குறை சொல்லமாட்டேன். சில மாதங்களில் மற்ற கேம்கள் வந்துவிட்டன, அதுவும் தொடர்ந்து விற்றது. மேடனுக்குக் கிடைத்த தனிமையை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே எதிராளி தோற்கவில்லை, களத்துக்குள் வரவே விடவில்லை. 2கே5-ஐ மறக்காத ரசிகர்கள், வீரர் பட்டியலைத் தாங்களே புதுப்பித்து, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.