ஃபோட்டானை எண்ணக் குழாயா, சிலிக்கன் சிப்பா?

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் லேசர் பாய்ச்சி, அதிலுள்ள எண்ணெயோ பாசியோ திருப்பி உமிழும் ஒளிர்வை வைத்து அந்த இடத்திலேயே சோதிக்க ஒரு கருவி கட்டுவதென்றால் முதல் கேள்வி இதுதான்: ஒளித்துகளான ஃபோட்டான் தட்டியெழுப்பும் எலக்ட்ரானைப் பல மடங்காக்கும் பழைய ஃபோட்டோமல்டிபிளையர் குழாயா, ஒற்றை ஃபோட்டானையே பிடிக்கும் ஸ்பேட் உணரிகளை அடுக்கிய சிலிக்கன் சிப்பா?

குழாயை லேசில் தள்ளிவிட முடியாது. அகன்ற முகம், ஒளியே இல்லாமல் வரும் பொய் எண்ணிக்கை குறைவு. சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட எண்ணெய்ச் சேர்மங்களில் பல 300 முதல் 400 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் ஒளிரும், சாதாரண சிலிக்கன் அங்கே மந்தம். ஆனால் குழாய்க்கு 1000 வோல்ட் அளவில் வேண்டும், அப்புறம் இயங்கும்போது மூடி திறந்து வெயில் பட்டால் கெட்டே போகலாம்.

சிப் சில பத்து வோல்ட்டில் ஓடும், பற்றரியே போதும். ஒரு பிக்சலில் ஃபோட்டான் விழுந்ததும் மின்னோட்டம் சரிவாகப் பெருகி ஒரு துடிப்பு வரும், பிறகு அந்தப் பிக்சலுக்கு மட்டும் சில பத்து நானோசெக்கன் ஓய்வு, அதற்குள் பக்கத்துப் பிக்சல்கள் எண்ணிக்கொண்டிருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது நேரக் கணக்கு: ஃபோட்டான் வந்த கணத்தை 100 பிக்கோசெக்கன் அளவில் குறிக்கலாம், அதனால் உடனே திரும்பும் லேசர் சிதறலையும் சில நானோசெக்கன் தாமதித்து வரும் ஒளிர்வையும் பிரித்துவிடலாம். ஏப்ரல் வெயிலில் பெட்டி சூடேறினால் இருட்டிலும் எண்ணிக்கை ஏறும், அதை அடிக்கடி அளந்து கழிக்கத்தான் வேண்டும்.

பாசியின் பச்சையம் 685 நானோமீட்டர் அருகே ஒளிரும், வழக்கமான பைஆல்கலி (இரு கார உலோகங்கள் பூசிய) குழாய் 650க்கு மேல் களைத்துவிடும். சரி, பாசிக்குக் கிணற்றடியில் சிப், எண்ணெய்க்கு ஆய்வுகூடத்தில் குழாய் என்பதே என் தேர்வு.