ஆத்தங்குடிக் கல் நல்ல கல்தான், கொத்தனார்தான் முக்கியம்

காரைக்குடியிலிருந்து காரில் அரைமணி நேரத்தில் ஆத்தங்குடி. ஊருக்குள் நுழையும்போதே சாலையோரக் கொட்டகைகளில், வீட்டுத் தரைக்குப் பதிக்கும் பூக்கல் சாய்த்து வைத்திருப்பது தெரியும். எந்தப் பட்டறைக்குப் போனாலும் வேலை ஒன்றேதான். கண்ணாடித் துண்டின் மேல் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஆக்ஸைடு நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைக் கலையாமல் மேலே தூக்கிவிட்டு, மணலும் சிமெண்ட்டும் கலந்த உலர் தூளைத் தூவுகிறார்கள். அது குழம்பின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் மேல் கலவையை நிரப்பிக் கரணையால் மட்டம் செய்தால் அன்றைய வேலை முடிந்தது. மறுநாள் தண்ணீர்த் தொட்டி, பல நாள் ஊறல், பிறகு நிழலில் உலர்த்தல். காய்ந்ததும் கண்ணாடி தானாக விடும். சூளையும் கிடையாது, பாலீஷ் மெஷினும் கிடையாது. கல்லின் பளபளப்பு முழுக்க அந்தக் கண்ணாடி கொடுத்தது.

இதைத் தெரிந்துகொண்டால்தான் வாங்குவதில் ஏமாறாமல் இருக்கலாம். முதலில், உடைந்த கல் ஒன்றைக் கேட்டு வாங்கி ஓரத்தைப் பாருங்கள். வண்ணப் படலம் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். மெலிந்திருந்தால் வாசற்படி, அடுப்படி வழி போன்ற நடமாட்டமுள்ள இடத்தில் சில வருடங்களில் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். அடுத்து, நான்கு கல்லை மட்டமான தரையில் ஒட்டி வைத்து விரலால் தடவுங்கள். கனம் சீராக இல்லையென்றால் விளிம்பு விரலில் தட்டும். கையால் செய்வது என்பதால் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும், அது குறையல்ல. காலில் இடறுமளவு இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

விலை கேட்கும்போது கல் விலையா, சதுர அடி விலையா என்று தெளிவாகக் கேளுங்கள். பத்துக்குப் பத்து அங்குலக் கல் ஒரு சதுர அடிக்கு 1.44 பிடிக்கும். கல் 50 ரூபாய் என்றால் சதுர அடி 72 ரூபாய் ஆகிறது. எட்டு அங்குலக் கல் 2.25 பிடிக்கும். 200 சதுர அடிப் பட்டாலைக்கு, அதாவது கூடத்துக்கு, பத்து அங்குலக் கல் 288, உடைசலுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 320 சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிவிடுவது நல்லது. நிறம் கண்ணளவில் கலப்பது, அடுத்த மாதம் அதே சிவப்பு வராது. அவசரத்துக்கு வாங்கும் பொருளும் அல்ல இது. ஒரு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் இழுக்கும். சரியாக ஊறாத கல்லை வண்டியில் ஏற்றிவிட்டால் போகும் வழியிலேயே மூலை உதிரும்.

ஏற்றும்போது கல்லை நிறுத்தி அடுக்க வேண்டும், முகத்தோடு முகம், நடுவில் வைக்கோல். படுக்கப் போட்டு அடுக்கினால் அடியில் இருப்பது விரிசல் விடும்.

இனிதான் தலைவலி. ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி வரும் புகாரில் பெரும்பாலானவை பதித்தவர் செய்த தப்பு. பீங்கான் டைல்ஸ் பதித்தே பழகிய கொத்தனார் இடைவெளி விடுவார், ரப்பர் சுத்தியலால் ஓங்கித் தட்டுவார், கடைசியில் ஆசிட் ஊற்றிக் கழுவுவார். மூன்றும் கூடாது. கல்லே சிமெண்ட், ஆசிட் அதன் முகத்தையே தின்றுவிடும். நூல் பிடித்து, ரசமட்டம் பார்த்து, சாந்தின் மேல் கல்லோடு கல் ஒட்ட வைத்துக் கையால் அமுக்கினால் போதும். சந்துக்கு அதே நிறம் கலந்த வெள்ளைச் சிமெண்ட். மேலே சிந்தியதை ஈரத் துணியால் அப்போதே துடைக்க வேண்டும், காய்ந்தால் போகாது. மெஷின் வைத்துத் தேய்க்கலாம் என்று யாராவது சொன்னால், கண்ணாடி கொடுத்த முகம் அதோடு போனது. தச்சு வேலை, பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகே தரைக்கு வாருங்கள்.

முதல் சில வாரம் வெள்ளையாக உப்புப் பூக்கும். பயப்பட வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டே வந்தால் குறையும். வருடக்கணக்கில் விடாமல் பூத்தால் அடித்தளத்தில் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம், கல்லை மாற்றிப் பயனில்லை. பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் சில சொட்டு துணியில் விட்டு நாலைந்து நாள் தேய்த்தால் போதும். கை தாராளமானால் தூசிதான் ஒட்டும்.

எங்கே வேண்டாம்? வானம் பார்த்த முற்றத்தில் வேண்டாம். பழைய செட்டிநாட்டு வீடுகளில் அங்கே கருங்கல் போட்டிருப்பதைக் கவனியுங்கள், அந்தக் காலத்து மேஸ்திரிகளுக்குத் தெரிந்திருக்கிறது. வெயிலில் நிறம் வெளுக்கும். சமையல் மேடையில் புளியும் எலுமிச்சையும் தழும்பு போடும். சாமி அறையில் மஞ்சளும் விளக்கில் ஊற்றும் எண்ணெயும் கறையாகும், தாம்பாளம் வைத்துக்கொள்வதாக இருந்தால் சரி. முகப்பு, பட்டாலை, படுக்கையறை இவற்றுக்கு இதை அடிக்க வேறு தரை இல்லை. சித்திரை வெயிலிலும் கால் குளிரும்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஊரிலேயே இருக்கும் லட்சுமி வீடு என்ற பழைய செட்டிநாட்டு மாளிகைக்குப் போய்த் தரையைப் பாருங்கள். கூரையிலும் தூணிலும் கண் போகும், குனிந்து பார்ப்பதுதான் உங்கள் வேலை. ஷோரூம் மாதிரிக் கல் புதிதாகத்தான் இருக்கும், வருடக்கணக்கில் கால் பட்ட கல் எப்படி இருக்கும் என்பது அங்கேதான் தெரியும்.

மிச்சமாகும் பத்துக் கல்லை மாடிப்படி அடியில் நிறுத்தி வையுங்கள். பத்து வருடம் கழித்து அதே அச்சு பட்டறையில் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது.