ரிமோட் முகவரி மாற்றம்: செட்-யூஆர்எல்லா, அழித்துச் சேர்ப்பதா, ரீநேமா?

நிலாவெளி, உப்புவெளிப் பக்க விடுதிகளுக்கு முன்பதிவுத் தளம் செய்துகொடுக்கும் திருகோணமலைப் பிள்ளைகள், வேலையைப் பெரும்பாலும் தங்கள் சொந்தக் கிட்ஹப் கணக்கிலேயே தொடங்கிவிடுகிறார்கள். கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள் கிட்; அதில் பதிந்த ரெப்போக்களை (திட்டக் கோப்புத் தொகுதிகளை) இணையத்தில் வைக்கும் தளம் கிட்ஹப். பிறகு விடுதிக்காரர், "கோட் எங்கட கணக்கில இருக்கட்டும் தம்பி" என்பார். ரெப்போ அங்கே போய்விடும். மடிக்கணினியில் உள்ள பிரதியோ பழைய முகவரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த முகவரியைக் கிட் 'ரிமோட்' என்கிறது; அதற்கு வழக்கமாக வைக்கும் பெயர் 'ஒரிஜின்'. அதை மாற்றப் பல வழிகள் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் ஒன்றல்ல.

பலரும் முதலில் அடிப்பது 'கிட் ரிமோட் ஆட் ஒரிஜின்'. ஒரிஜின் ஏற்கெனவே இருக்கிறது என்று கிட் மறுக்கும். உடனே 'ரிமோட் ரிமூவ் ஒரிஜின்' அடித்துவிட்டுத் திரும்பச் சேர்ப்பார்கள். முகவரி மாறிவிடும், ஆனால் கூடவே வேறு சிலதும் போய்விடும். எந்தக் கிளை (வேலையின் தனி வரிசை, பிராஞ்ச்) எங்கிருந்து புல் செய்ய வேண்டும், அதாவது மாற்றங்களை இறக்க வேண்டும், என்ற இணைப்பு அறுந்துவிடும். அதை 'கிட் புஷ் -யு ஒரிஜின் மெயின்' அடித்துத் திரும்பக் கட்டலாம்; புஷ் மெயின் கிளையை ஏற்றும், '-யு' இணைப்பைப் பதியும். ஒரிஜின் கிளைகளின் நினைவு அழிவதுதான் பெரிய விஷயம். கூட வேலை செய்தவர் ஏற்றிய 'பேமென்ட்' கிளை உங்களிடம் 'ஒரிஜின்/பேமென்ட்' என்று மட்டும் இருக்கிறது, பழைய ரெப்போவையும் யாரோ அழித்துவிட்டார்கள் என்று வையுங்கள். அந்த வேலை மிஞ்சியிருப்பது உங்கள் கணினியில் மட்டும்தான். ரிமூவ் அடித்தால் அதற்கான பெயர் போய்விடும். கமிட்டுகள் (பதிந்த மாற்றங்கள்) உடனே அழியாவிட்டாலும் அவற்றைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

'கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஒரிஜின்' என்று அடித்துப் புது முகவரியைக் கொடுத்தால் முகவரி மட்டுமே மாறும். இணைப்பும் கிளைகளும் அப்படியே இருக்கும். 'கிட் பிராஞ்ச் பேமென்ட் ஒரிஜின்/பேமென்ட்' என்று அடித்து அந்தக் கிளையை எடுத்துப் புது இடத்துக்குப் புஷ் செய்துவிடலாம். அதே ரெப்போ வீடு மாறியிருக்கிறது என்றால் நான் இதைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டேன். 2021 ஆகஸ்ட் 13இல் கிட்ஹப் கிட் கட்டளைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தியபோது, எச்டிடிபிஎஸ் முகவரியை விட்டு, கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பால் நுழையும் எஸ்எஸ்எச் முகவரிக்கு மாறியவர்களுக்கும் இந்த ஒரு வரிதான் தேவைப்பட்டது.

பழைய முகவரியும் வேண்டும் என்றால் கதை வேறு. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் படிக்கும் ஒருவர், விரிவுரையாளரின் ரெப்போவை நேரே குளோன் செய்துவிட்டு (தன் கணினிக்கு நகலெடுத்துவிட்டு), பிறகு தனக்கென்று ஃபோர்க் (தன் கிட்ஹப் கணக்கில் ஒரு நகல்) எடுக்கிறார். அவருக்கு 'கிட் ரிமோட் ரீநேம் ஒரிஜின் அப்ஸ்ட்ரீம்' பொருந்தும்; விரிவுரையாளரின் முகவரி 'அப்ஸ்ட்ரீம்' என்ற பெயரில் இருக்கும். அதன்பின் தன் ஃபோர்க்கை ஒரிஜினாகச் சேர்க்கலாம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: ரீநேம் செய்ததும் மெயின் கிளை அப்ஸ்ட்ரீமைத்தான் பின்தொடரும். ஒருமுறை 'புஷ் -யு' அடித்தால்தான் தன் ஃபோர்க்குக்குத் திரும்பும்.

புதிதாகக் குளோன் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. டேட்டா செலவை விடுங்கள். ஸ்டாஷ் (தற்காலிகமாக ஒதுக்கிவைத்த மாற்றங்கள்), புஷ் செய்யாத கிளைகள், கிட் கணக்கில் எடுக்காத .என்வ் கோப்பு (ரகசிய அமைப்புகள் உள்ளது) எதுவுமே கூட வராது.

கிட்ஹப்பின் ட்ரான்ஸ்ஃபர் வசதியால் ரெப்போவை மாற்றியிருந்தால் பழைய முகவரியே புதியதற்குத் திருப்பிவிடும். அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். பழைய இடத்தில் அதே பெயரில் இன்னொரு ரெப்போ திறந்தால் அந்தத் திருப்பல் நின்றுவிடும்.

செட்-யூஆர்எல் நீங்கள் கொடுத்த முகவரி சரியா என்று பார்ப்பதில்லை, எழுத்துப் பிழையையும் அப்படியே எழுதிக்கொள்ளும். ஆகவே மாற்றியதும் ஒரு 'கிட் ஃபெட்ச்' (புது முகவரியிலிருந்து தகவல் இறக்கும் கட்டளை) அடியுங்கள். 'கிட் ரிமோட் -வி' காட்டும் இரண்டு வரிகளையும் வாசியுங்கள். முன்பு யாராவது புஷ்ஷுக்குத் தனி முகவரி வைத்திருந்தால் ஃபெட்ச் வரி மட்டும் மாறியிருக்கும், புஷ் வரி பழையதைத்தான் காட்டும். அதை 'செட்-யூஆர்எல் --புஷ்' என்று தனியே மாற்ற வேண்டும்.