கைக்கடிகாரத்துக்கு வீட்டிலேயே செல் மாற்றுதல்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டிலுள்ள குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களுக்கு நானே செல் மாற்றிக்கொள்வது சில ஆண்டுப் பழக்கமாகிவிட்டது. தொடக்கத்தில் மாற்றிய கடிகாரங்கள் ஒரு செல்லின் முழு ஆயுளையும் ஓடி முடித்து அடுத்த செல்லுக்கு வந்துவிட்டதால், அந்த வேலை எந்த அளவுக்கு நின்றது என்று இப்போது நம்பிக்கையுடன் சொல்ல முடிகிறது. கையில் நிதானம் உள்ள எவரும் இதைச் செய்யலாம். திறப்பதும் செல்லை வைப்பதும் எளிது. எந்தச் செல்லை வாங்குகிறோம், மூடியை எப்படி அடைக்கிறோம் என்ற இரண்டிலும்தான் முழுக் கவனம் வேண்டும்.

முள் கடிகாரங்களில் மிகப் பரவலாக இருப்பது 377 என்றும் எஸ்ஆர்626எஸ்டபிள்யூ என்றும் குறிக்கப்படும் செல். அதன் விட்டம் 6.8 மில்லிமீட்டர், உயரம் 2.6 மில்லிமீட்டர். 364 என்னும் எஸ்ஆர்621எஸ்டபிள்யூ செல்லுக்கும் விட்டம் அதேதான். உயரம் மட்டும் 2.1. மேலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் அரை மில்லிமீட்டர் குறைந்த செல்லைப் போட்டால் மேலே உள்ள தகடு சரியாகப் படியாமல், கடிகாரம் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். ஆகவே முதலில் பழைய செல்லை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து எண்ணைப் படித்த பிறகே கடைக்குப் போவது என் வழக்கம்.

திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலோ ஜங்ஷனிலோ கேட்டால் இரண்டு வகைச் செல்கள் கிடைக்கும். ஒன்று தனித்தனி உறையில் வரும் சில்வர் ஆக்சைடு செல். எண்ணின் முன்னால் எஸ்ஆர் என்று இருக்கும். மற்றது அட்டையில் வரிசையாக ஒட்டி, ஏஜி4 அல்லது எல்ஆர்626 என்ற பெயரில் மலிவாக வரும் அல்கலைன் செல். அளவு ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே இடத்தில் கச்சிதமாக உட்காரும், போட்டவுடன் முள்ளும் ஓடும். வேறுபாடு போகப் போகத்தான் தெரியும். சில்வர் ஆக்சைடு செல் தன் 1.55 வோல்ட் அழுத்தத்தைக் கடைசிவரை ஏறத்தாழ மாறாமல் வைத்திருந்து முடிவில்தான் சட்டென்று இறங்கும். அல்கலைன் செல்லோ 1.5 வோல்ட்டில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். நல்ல 377 செல்லின் கொள்ளளவு 24 முதல் 28 மில்லி ஆம்பியர் மணி. சாதாரண மூன்று முள் இயந்திரம் ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவுக்கே மின்சாரம் இழுக்கும் என்று வைத்துக் கணக்கிட்டால் மூன்று ஆண்டுக்கு நெருக்கமாக வரும். என் கடிகாரங்களும் அந்தக் கணக்கைப் பொய்யாக்கவில்லை.

ஆயுளைவிடப் பெரிய விஷயம் கசிவு. எங்கள் பெரியப்பாவின் கடிகாரத்தில் எங்கோ ஒரு கடையில் போட்டுக்கொடுத்த அல்கலைன் செல், நின்ற பிறகும் எடுக்கப்படாமல் கிடந்து, விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் அந்தக் காரம் தகட்டை அரித்து, பக்கத்திலிருந்த செம்புக் கம்பிச் சுருள் வரை போய்விட்டது. சுருள் போனால் இயந்திரத்தையே மாற்ற வேண்டியதுதான். சில்வர் ஆக்சைடு செல்லும் தீர்ந்த பிறகு உள்ளேயே கிடந்தால் கசியக்கூடும் என்றாலும், வாய்ப்பு மிகக் குறைவு. கடிகாரத்துக்கு உள்ளே என்ன போயிருக்கிறது என்று எனக்கே தெரிந்திருப்பதுதான் இந்த வேலையை வீட்டில் செய்வதற்கு நான் காணும் முதல் காரணம்; மிச்சமாகும் பணம் அதற்குப் பிறகுதான்.

திறப்பதற்கு இடம் முக்கியம். ஆனி ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது நம் பக்கத்து வீடுகளில் தார்சாவில் ஒரு காகிதம்கூட நிற்காது. பல் சக்கரத்தில் ஒரு மணல் துகள் விழுந்தாலும் முள் நின்றுவிடும். பட்டாசலில் ஃபேனை நிறுத்திவிட்டு, நூல் பிரியாத வெள்ளைத் துணியை விரித்து, காலை நேரத்தில் செய்கிறேன். மத்தியான வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்தால் கைவியர்வை சொட்டும், அதன் உப்பும் செல்லுக்கு ஆகாது.

அழுத்தி மூடும் வகைப் பின்மூடியில் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் நகம் நுழையும் அளவு சிறு பள்ளம் தெரியும். அங்கே தட்டையான கத்தி முனையை வைத்து, நெம்பாமல் மெல்லத் திருப்பினால் மூடி எழும்பும். உள்ளே செல்லின் விளிம்பை ஒரு சிறு கொக்கித் தகடு பிடித்திருக்கும். அதை ஒதுக்கிச் செல்லை எடுக்க பிளாஸ்டிக் சாமணமே நல்லது. இரும்புச் சாமணம் செல்லின் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டுக் குறுக்கிணைத்துவிடும். வழுக்கினால் தலைமுடியைவிட மெல்லிய சுருள் கம்பியையும் அறுத்துவிடும். பெரும்பாலான இயந்திரங்களில் எழுத்துள்ள பக்கம், அதாவது நேர்முனை, மேலே இருக்க வேண்டும். முள் நகர்வதைப் பார்த்த பிறகே மூடிக்குப் போக வேண்டும்.

மூடியைப் பற்றி எனக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தவர் டவுனில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெரியவர். "மூடியைப் போடுமுன்ன அந்த ரப்பர் வாஷர் காடியில உக்காந்திருக்கான்னு பாருங்க தம்பி, அது பிதுங்கிட்டுன்னா அம்புட்டு வேலையும் வீண்" என்றார். அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. வாஷர் நசுங்கித் தட்டையாகியிருந்தால் புதிது போட வேண்டும். நன்றாக இருந்தால் சிலிக்கோன் கிரீஸை மிக லேசாகத் தடவினால் போதும். தேங்காயெண்ணெயும் வாசலினும் வேண்டாம். மூடியிலுள்ள வெட்டை, நேரம் திருத்தும் சாவியின் தண்டுக்கு நேராக வைத்து, கண்ணாடிப் பக்கம் மடித்த துணிமேல் இருக்க, இரு கட்டைவிரல்களாலும் ஒருசேர அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். உட்கார மறுத்தால் வலுவைக் கூட்டக் கூடாது, கண்ணாடி விரிசல் விடும். அதற்குரிய அழுத்துக் கருவி உள்ள கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் திறந்த கடிகாரத்தை, பின்புறம் 30 மீட்டர் என்று எழுதியிருந்தாலும், குற்றாலத்துக்கோ பாபநாசத்துக்கோ குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிடுகிறோம். அந்த 30 மீட்டர் என்பது அசையாத நீரின் அழுத்தத்தைக் குறிப்பது. கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும், அருவியை அல்ல.

எண் கடிகாரங்கள் இன்னும் எளிது. கேசியோ எஃப்-91டபிள்யூவில் பின்புறம் நான்கு திருகுகள், உள்ளே 3 வோல்ட் சிஆர்2016 செல். நிறுவனம் சொல்லும் ஆயுள் சுமார் 7 ஆண்டு. அலார ஒலிக்கான நுண்ணிய ஸ்பிரிங் ஒன்று உள்ளே நிற்கும்; மூடியைத் தூக்கும்போது அது தெறித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செல்லைப் போட்ட பிறகு, ஏசி என்று குறித்த புள்ளியையும் செல்லின் நேர்முனையையும் இரும்புச் சாமணத்தால் ஓரிரு நொடி தொடவைத்தால் இயந்திரம் புதிதாகத் தொடங்கும். இரும்பு தேவைப்படும் ஒரே இடம் அதுதான்.

நீச்சலுக்கான கடிகாரம், சூரிய ஒளியில் ஓடுவது, உத்தரவாதக் காலம் முடியாதது, விலை உயர்ந்தது ஆகியவற்றை நான் தொடுவதில்லை. நீச்சல் கடிகாரத்தை அடைத்த பிறகு நீர் புகாச் சோதனை செய்ய வேண்டும், அதற்கான கருவி வீட்டில் இருக்காது. சூரிய ஒளிக் கடிகாரத்தில் இருப்பது திரும்ப மின்னேறும் வேறு வகைச் செல். அதன் இடத்தில் சாதாரணச் செல்லைப் போடவே கூடாது.

எடுத்த செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டி, இறுகிய மூடியுள்ள டப்பாவில் உயரத்தில் வைத்து, பழைய பேட்டரி வாங்குமிடத்தில் சேர்க்கிறேன். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் தளர்வே கூடாது: 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள லித்தியம் செல் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.