முழங்கைப் பட்டை: வாங்கலாம், கட்டும் இடம் தெரிந்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் மருந்துக் கடைகளில் முழங்கை வலி என்றால் இரண்டு சரக்கு எடுத்துப் போடுவார்கள். ஒன்று முழங்கையை மூடும் துணி உறை. மற்றது மூன்று விரல் அகலப் பட்டை, உள்ளே சிறு மெத்தை, வெல்க்ரோ ஒட்டு. டென்னிஸ் எல்போவுக்கு, அதாவது முழங்கையின் வெளிப்புறத் தசைநாண் வலிக்கு, பட்டைதான். உறை சூடு தரும், அவ்வளவே. செம்பனை (பாமாயில் மரம்) காட்டு வெயிலில் அதுவும் வேர்த்து நழுவும்.

வலி அதுதானா என்று முதலில் பாருங்கள். கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, விரல்களை மடக்கி மணிக்கட்டை மேலே தூக்குங்கள். இன்னொருவர் கீழே அழுத்தட்டும். முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் சுரீர் என்றால் பெரும்பாலும் அதுதான். குலை அறுக்கும் கம்பு, ரப்பர் மரம் சீவும் கத்தி இரண்டுமே நாள் முழுக்க இந்தத் தசையைத்தான் இழுக்கின்றன. சுண்டுவிரல் மரத்துப்போனால், கழுத்திலிருந்து வலி இறங்கினால், மூட்டு சிவந்து காய்ச்சல் கண்டால் பட்டை வேண்டாம், கிளினிக்குக்குப் போங்கள்.

பலரும் வலிக்கிற எலும்பு மேலேயே கட்டிவிட்டு, பட்டை சரியில்லை என்கிறார்கள். எலும்பு முனையிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் 2 முதல் 3 செ.மீ. தள்ளி, கையை இறுக்கினால் புடைக்கும் தசைமேல் மெத்தை உட்கார வேண்டும். அந்த அழுத்தம்தான் எலும்பில் ஒட்டிய தசைநாணுக்குப் போகும் இழுப்பைக் குறைக்கிறது. கட்டியபின் கெட்டிலைத் தூக்கிப் பாருங்கள். வலி குறையாவிட்டால் அரை விரல் நகர்த்துங்கள். கை மரத்துப்போனால் இறுக்கம் அதிகம். வேலை நேரத்துக்கு மட்டும், தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

பட்டையின் பெரிய குறை வெல்க்ரோ. செம்பனை நாரும் தூசியும் அடைத்து ஒட்டாமல் போகும். பழைய பல் துலக்கியால் தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் காய வையுங்கள்.

குணமாக்குவது பட்டையல்ல, பயிற்சி. முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழ்நோக்க, 500 மி.லி. தண்ணீர் போத்தலைப் பிடியுங்கள். மறு கையால் தூக்கிவிட்டு, 4 எண்ணி மெல்ல இறக்குங்கள். 15 தடவை, 3 சுற்று, தினமும். லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் நீடித்தால் தண்ணீரைக் குறையுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் போடாதவர்கள் நிலைதான் மேல்.

தோட்ட வேலையால் வந்தது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தொழில் நோயாக விண்ணப்பிக்கலாம். எம்.சி.யையும் (மருத்துவ விடுப்புச் சான்று) ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள்.