மும்பை ஈரத்தில் ஒரு அஜின்கோர்ட் படை: 28 மி.மீ. உருவங்களின் நீண்டகால அனுபவம்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய 1415 அஜின்கோர்ட் போரின் ஆங்கிலேயப் படையை சிறிய பிளாஸ்டிக் உருவங்களில் கட்டி, மும்பையில் சில மழைக்காலங்கள் கடந்தபின் தெரிவது இதுதான்: படையின் ஆயுளைத் தீர்மானிப்பவை பசை, கம்பி, வார்னிஷ். பெயின்ட் அதற்கு அப்புறம்தான்.

ரோஜாப்போர் (15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த ஆங்கிலேய உள்நாட்டுப் போர்) உருவப் பெட்டிகளில் மிஞ்சிய தலைகளை ஒட்ட ஆசை வரும். வேண்டாம். சாலட் தலைக்கவசம் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியது. 1415-க்கு கூம்பு உச்சி பாசினெட்டும் அகல விளிம்பு கெட்டில் ஹாட்டும் பொருந்தும். பழைய தலையைக் கழுத்தோடு நேராக அறுத்து, பிளாஸ்டிக் சிமென்ட் வைத்தால் இரண்டும் உருகி ஒன்றாகும். சூப்பர் குளூ ஈரக்காற்றில் சட்டென்று பிடிக்கும், ஆனால் சுற்றிலும் வெள்ளைப் படலம் விடும். கீழே விழுந்தால் தலை தெறித்துவிடும். இடைவெளிக்கு கிரீன் ஸ்டஃப் (இரு நிறங்களைப் பிசைந்து போடும் எபாக்ஸி புட்டி): மஞ்சளும் நீலமும் சம அளவு, கருவியை ஈரமாக வைத்துக்கொள்ளவும். குழாய் ஒழுகலுக்குப் பூசும் எபாக்ஸி மலிவுதான். ஆனால் சீக்கிரம் இறுகும், கரகரப்பாக நிற்கும். முகத்தருகே ஆகாது.

பிளாஸ்டிக் ஈட்டிகள் எப்படியும் ஒடியும். கையை 1 மி.மீ. டிரில்லால் துளைத்து பித்தளைக் கம்பி செருகவும். இரும்புக் கம்பி போட்டால் தண்ணீர் கலந்த அக்ரிலிக்குக் கீழேயே துரு கிளம்பி, பழுப்புப் புள்ளியாக மேலே வரும்.

வீரர்கள் முன்னும் பின்னும் புனித ஜார்ஜ் சிலுவை (வெள்ளை மேல் சிவப்பு) அணிய வேண்டும் என்று ஆங்கிலேயப் படைக்கான 1385 டர்ஹாம் கட்டளை சொல்கிறது. முதுகுச் சிலுவையை விட்டுவிடாதீர்கள். மேசையில் நம் கண்ணில் படுவது நம் படையின் முதுகுதானே! வெளிர் சாம்பல் மேல் வெள்ளையை மெலிதாக இரண்டு பூச்சு. 0 எண் தூரிகையால் சிவப்பில் முதலில் செங்குத்துக் கோடு, பிறகு குறுக்குக் கோடு. பிசிறை வெள்ளையால் திருத்தலாம்.

ஜூலையில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம். ஈரம் சிக்கி பனி மூடியதுபோல் வெளுக்கும். வெளுத்துவிட்டால் தூரிகையால் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் பூசுங்கள், பெரும்பாலும் நிறம் திரும்பும். அது காய்ந்தபின் மேட் வார்னிஷை நன்றாகக் குலுக்கி, தூரிகையாலேயே பூசவும்.

எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அடித்தளத்தில் ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகாலும் மணலும் போட்டால் வளையும். முதலில் இரு பக்கமும் பிரைமர் பூசிக் காயவிட்டு, அதன்பின் மணல் ஒட்டவும்.